பழைய வன்தட்டும் புதிய பைபர் இணைப்பும்

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

யாழ்ப்பாணத்தில் பைபர் இணைப்பு எடுத்த வீடுகளில் ஒரு முறைப்பாடு அடிக்கடி வருகிறது. "100 எம்பிபிஎஸ் என்று சொல்லித்தானே தந்தவை, படம் இறக்கினால் 12ஐத் தாண்டுதில்லையே." அதே வீட்டு அலுமாரிக்குள் 2003, 2004 காலத்து வன்தட்டு ஒன்றும் கிடக்கும். அக்காவின் கலியாண வீடியோ, அம்மம்மாவின் படங்கள் எல்லாம் அதில்தான். அதை ரொறன்ரோவில் இருக்கிற சித்தப்பாவுக்கு அனுப்ப எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது அடுத்த கேள்வி. இரண்டுக்கும் விடை ஒரே கணக்கில் இருக்கிறது. பேனையும் கடதாசியும் பக்கத்தில் இருந்தால் எடுத்து வையுங்கள்.

இணைப்பு தருகிறவர்கள் வேகத்தைப் பிற்றில் சொல்கிறார்கள். கணினி கோப்பைப் பைற்றில் காட்டுகிறது. 8 பிற்று சேர்ந்தது ஒரு பைற்று. 100 எம்பிபிஎஸ் என்றால் விநாடிக்கு 100 மெகாபிற்று; 100ஐ 8ஆல் பிரித்தால் 12.5 மெகாபைற்று. கோப்பு சிறு சிறு துண்டுகளாகத்தான் போகும், ஒவ்வொரு துண்டின் முகவரித் தகவலும் அதே வழியால்தான் போகவேண்டும்; அதைக் கழித்தால் கோப்புக்கு மிஞ்சுவது 11.8 அளவு. ஆகவே 11, 12 என்று காட்டினால் உங்கள் இணைப்பு நன்றாகத்தான் வேலை செய்கிறது.

ஏன் இந்த இரண்டு அளவுகள்? தொலைபேசிக்காரர் குரலை விநாடிக்கு 8000 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிற்றால் குறித்தார்கள். ஒரு குரலுக்கு 64 கிலோபிற்று. அப்படி 32 வழிகளைச் சேர்த்தது ஈ1 இணைப்பு, 2.048 மெகாபிற்று. அதில் 30 பேர் கதைக்கலாம். இலங்கையில் இந்த ஐரோப்பிய முறைதான். வட அமெரிக்காவின் டி1 24 குரலோடு 1.544இல் நின்றது. இவையெல்லாம் கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாகப் போகிற பிற்றுகள், அதனால் பிற்றையே எண்ணினார்கள். கணினிக்குள் அப்படியில்லை. பழைய வன்தட்டுகளைக் கணினியோடு இணைத்த ஐடிஈ என்ற தட்டையான கேபிளில் 16 பிற்று ஒரே நேரத்தில் பக்கம் பக்கமாகப் போகும். அங்கே பைற்றை எண்ணுவதுதான் இயல்பு.

இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தால் வியப்பாக இருக்கும். 30 பேர் கதைத்த அந்த ஈ1 விநாடிக்கு 256 கிலோபைற்றுத்தான். தொண்ணூறுகளில் வந்த இரட்டை வேக சீடி டிரைவ் 300 கிலோபைற்று வாசித்தது! கடல்கடந்த கேபிள்களில் ஓடிய எஸ்டிஎம்-1 என்ற 155.52 மெகாபிற்று இணைப்பும் 19.44 மெகாபைற்றுத்தான். 33 மெகாபைற்று வேகமுள்ள ஒரு சாதாரண ஐடிஈ கேபிள் அதைவிட அகலமான வழி.

8ஆல் பிரிக்கிற இந்தக் கணக்கு எல்லா இடத்திலும் சரிவராது. உயர்தர மாணவர்கள் இதைக் கவனியுங்கள். ஐடிஈக்குப் பிறகு வன்தட்டுகளுக்கு வந்தது சாட்டா இணைப்பு. அதில் முதலில் வந்தது விநாடிக்கு 1.5 ஜிகாபிற்று. 8ஆல் பிரித்தால் 187.5 மெகாபைற்று வரும். ஆனால் உண்மை 150. ஒவ்வொரு பைற்றையும் 10 பிற்றாக மாற்றித்தான் அந்தக் கம்பி அனுப்புகிறது, அதனால் 10ஆல் பிரிக்க வேண்டும்.

சரி, அந்தக் கலியாண வீடியோவுக்கு வருவோம். தட்டில் 40 ஜிகாபைற்று இருக்கிறது என்று வைப்போம். யூஎஸ்பி 1.1 துளை மட்டுமுள்ள பழைய கணினியில் செருகினால் 12 மெகாபிற்று, அதாவது 1.5 மெகாபைற்று. கணக்குப்படியே 7 மணித்தியாலத்துக்கு மேல். யூஎஸ்பி 2.0 எழுத்தில் 60 மெகாபைற்று, நடைமுறையில் 30 என்று வையுங்கள்: 22 நிமிடம். பைபரில் 100 மெகாபிற்று வேகத்தில் ஏற்றினால் ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் ஏற்றும் வேகமும் இறக்கும் வேகமும் எப்போதும் ஒன்றல்ல. ஏற்றும் வேகம் 10 மெகாபிற்றுத்தான் என்றால் 9 மணித்தியாலம் ஆகும். எந்த இடம் ஒடுக்கமோ அதுதான் நேரத்தைத் தீர்மானிக்கும். அதைத் தெரியாமல் கூடிய பொதிக்கு மாதாமாதம் காசு கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஐடிஈ கேபிளையும் ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். 40 கம்பிக் கேபிளில் வரிகள் தடிப்பாக இருக்கும், 80 கம்பிக் கேபிளில் மிக நெருக்கமாக, மெல்லியதாக இருக்கும். இரண்டின் முனையும் ஒரே அளவு. தட்டு 100 மெகாபைற்று வேகத்தைத் தாங்கினாலும் 40 கம்பிக் கேபிள் போட்டால் 33இல் நின்றுவிடும். விண்டோஸ் எக்ஸ்பியில் இன்னொன்றும் உண்டு. வாசிக்கும்போது 6 தவறு சேர்ந்தால் அது தட்டின் வேகத்தைப் படிப்படியாகக் குறைக்கத் தொடங்கும்; தவறுகள் தொடர்ந்தால் கடைசியில் பீஐஓ என்ற மெதுவான பழைய முறைக்கு இறக்கிவிடும், பிறகு தானாக மேலே ஏற்றாது. தட்டு பழுதில்லாமலே ஆமையாகிவிடும்.

அதனால் பழைய தட்டிலிருந்து நேரே இணையத்துக்கு ஏற்றாதீர்கள். 20 வருடத் தட்டை 9 மணித்தியாலம் சுழலவிடுவது ஆபத்து. ஐடிஈயை யூஎஸ்பிக்கு மாற்றும் இணைப்பி வாங்கி, தட்டுக்குத் தனி மின்சாரம் கொடுத்து, 22 நிமிடத்தில் புதிய தட்டுக்குப் பிரதி எடுங்கள். பழையதைக் கழற்றிப் பத்திரமாக வையுங்கள். பிரதியிலிருந்து இரவில் ஆறுதலாக ஏற்றலாம்.

போய்ச் சேர்ந்ததும் சித்தப்பாவிடம் கோப்பின் அளவைக் கேளுங்கள். ஜிகாபைற்றில் கேட்கவேண்டாம். விண்டோஸ் பைற்று எண்ணிக்கையை மூன்று தடவை 1024ஆல் பிரித்து 37.2 என்று காட்டும். அவருடைய மக் கணினி 1000ஆல் பிரித்து அதையே 40 என்று காட்டும். கோப்பின் விவரத்தில் முழுப் பைற்று எண்ணிக்கை இருக்கும். அந்த எண் இரண்டு பக்கமும் கடைசி இலக்கம்வரை ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். நன்றி, வணக்கம்.