தேனூர்ப் பெண் சொல்கிறேன், வரவுதான்!

நடுவர் அய்யாவுக்கும் எதிரணிக்கும் சோழவந்தான் மக்களுக்கும் வணக்கம். கொடுத்த நேரம் ஏழு நிமிடம், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். பிரிந்த நாடு ஒன்று சேர்ந்தால் மக்களுக்கு வரவா, செலவா? ஜெர்மனியை வைத்துப் பேசச் சொன்னார்கள். நான் வரவு என்று பேச வந்தவள்.

கிழக்கு, மேற்கு என்று இரண்டு நாடாகப் பிரிந்து கிடந்தது ஜெர்மனி. முதலில் அதன் நடுவே நின்ற பெர்லின் சுவர் திறந்த கதையைக் கேளுங்கள். 1989 நவம்பர் 9, சாயங்காலம். கிழக்கு பெர்லினில் பத்திரிகையாளர் கூட்டம். பேசுகிறவர் ஷபோவ்ஸ்கி, ஆளும் கட்சியின் பெரிய தலைவர்களில் ஒருவர். கையில் ஒரு காகிதம். மக்கள் இனி வெளிநாடு போகலாம் என்று அதில் எழுதியிருக்கிறது. மறுநாள் முதல், விண்ணப்பம் போட்டு, வரிசையில் நின்று, முறையாகப் போகலாம் என்பதுதான் திட்டம். ஆனால் அந்த விவரம் அவருக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை. ஒரு நிருபர் கேட்கிறார்: "எப்போதிலிருந்து?"

மனிதர் காகிதத்தைப் புரட்டுகிறார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடுகிறார். அப்புறம் சொல்கிறார்: "எனக்குத் தெரிந்தவரை... உடனே, தாமதம் இல்லாமல்."

உடனே! அய்யா, 1961 ஆகஸ்டில் எழுப்பி 28 வருஷமாக நின்ற சுவர்! இந்தப் பக்கத்து மகன் அந்தப் பக்கத்துத் தாயைப் பார்க்கவிடாத சுவர்! அதற்கு ஒரு வார்த்தை, "உடனே"! டிவியில் செய்தி வந்ததும் சனம் கிளம்பிவிட்டது. போர்ன்ஹோல்மர் தெரு எல்லைச் சாவடியில் ஆயிரக்கணக்கில் கூட்டம். அங்கே பொறுப்பில் இருந்த அதிகாரி ஹரால்ட் யேகர் மேலிடத்துக்குப் போன் மேல் போன் போடுகிறார். தெளிவான உத்தரவு வரவில்லை. கையில் துப்பாக்கி இருக்கிறது, எதிரே சொந்த சனம் நிற்கிறது. ராத்திரி பதினொன்றரை மணிவாக்கில் அவர் கதவைத் திறந்துவிட்டார். ஒரு தோட்டா வெடிக்கவில்லை அய்யா, ஒரே ஒரு தோட்டாகூட! அடுத்த பதினோரு மாதத்துக்குள், 1990 அக்டோபர் 3-ல், இரண்டு ஜெர்மனியும் ஒரே நாடு.

சரி, எதிரணி அண்ணன் பேச்சுக்கு வருகிறேன். நன்றாகக் கைதட்டல் வாங்கினார். என்ன சொன்னார்? "முன்பு அழகர் தேனூரில் ஆற்றில் இறங்கினார். திருமலை நாயக்கர் மீனாட்சி கல்யாணம், அழகர் திருவிழா இரண்டையும் சேர்த்து, அழகரை மதுரைக்கு இழுத்துக்கொண்டார். சேர்த்ததில் மதுரைக்கு லாபம், தேனூருக்கு நஷ்டம். கிழக்கு ஜெர்மனியும் ஒரு தேனூர்தான்" என்றார்.

அண்ணே, நான் தேனூரில் பிறந்தவள். எங்கள் ஊரைச் சொன்ன பிறகு நான் சும்மா உட்கார முடியாது. வண்டியூர்ப் பக்கம் வைகைக்குள் ஒரு மண்டபம் நிற்கிறதே, மண்டூக முனிவருக்கு அழகர் சாபவிமோசனம் கொடுக்கிற மண்டபம், அதற்கு என்ன பெயர்? மதுரை மண்டபமா? தேனூர் மண்டபம் அண்ணே! லட்சக்கணக்கான சனம் கூடுகிற திருவிழாவில் எங்கள் ஊர்ப் பெயர் சொல்லாமல் அந்த நாள் முடியாது. எங்கள் அப்பத்தா வருஷா வருஷம் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு அங்கே போகும். அழகர் பறிபோனார் என்று ஒரு நாளும் அது சொல்லவில்லை. "நம்ம மண்டபத்துக்குச் சாமி வர்றாரு, வெரசா நட" என்றுதான் சொல்லும்.

கிழக்கு ஜெர்மனிக்கு வலித்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். 1990 ஜூலை 1-ல் மேற்கு ஜெர்மனியின் பணமான மார்க் அங்கேயும் நாணயம் ஆனது. சம்பளத்தை ஒன்றுக்கு ஒன்று என்று மாற்றிக் கொடுத்தார்கள். கையில் நல்ல காசு வந்தது, ஆனால் ஆலைகளால் அந்தச் சம்பளத்தைத் தாங்க முடியவில்லை. அரசு ஆலைகளை விற்க அமைத்த டிராய்ஹாண்ட் நிறுவனத்தின் கையில் சுமார் 8,500 நிறுவனங்கள், 40 லட்சம் தொழிலாளர்கள். எத்தனையோ ஆலைகள் மூடப்பட்டன. வேலை போன வீட்டின் கஷ்டம் எனக்குத் தெரியும் அண்ணே, மில் மூடிய ஊரில்தானே நாமும் இருக்கிறோம். ஆனால் மேற்குப் பெண்களைவிடக் குறைந்த காலமே வாழ்ந்த கிழக்குப் பெண்களின் ஆயுள், ஏறக்குறைய சமமாக உயர்ந்ததே! அதை எந்தக் கணக்கில் வைப்பீர்கள்?

அய்யா, கணக்கை விடுங்கள். பெர்லினில் பெர்னாவர் தெரு என்று ஒன்று. ஒரு பக்கத்து வீடுகள் கிழக்கைச் சேர்ந்தவை, வாசலுக்கு முன்னால் இருக்கும் நடைபாதை மேற்கைச் சேர்ந்தது. வாசல் தாண்டினால் வேறு நாடு! 1961-ல் அந்த வாசல்களை அடைத்தார்கள். ஈடா ஸீக்மன் என்ற அம்மா மேல்மாடியில் குடியிருந்தார். கூடப் பிறந்தவள் வீடு மேற்கில், நடந்து போகிற தூரம். ஆகஸ்ட் 22 காலையில் மெத்தை தலையணையை ஜன்னல் வழியே கீழே போட்டுவிட்டுக் குதித்தார். உயிர் போய்விட்டது. மறுநாள் அவருக்குப் பிறந்தநாள், 59 வயது ஆகியிருக்கும்.

தங்கை மீனாட்சி கல்யாணத்துக்கு நேரம் தப்பி வந்த அண்ணன் அழகருக்காக இத்தனை கோபம், இத்தனை திருவிழா கொண்டாடுகிற ஊர் இது. கூடப் பிறந்தவளைப் பார்க்க ஜன்னலில் ஏறிய அந்த அம்மாவை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இன்று அந்தத் தெருவில் டிராம் ஓடுகிறது. அக்கா வீட்டுக்கோ தங்கை வீட்டுக்கோ போகிறவள் யாரையும் கேட்காமல், மெத்தையைக் கீழே போடாமல், படியிறங்கி வாசல் வழியாக நடந்து போகிறாள்.

வரவில் எழுதுங்கள் அய்யா. வணக்கம்.