இடுக்கி மாட்டிய பிரேக்

நேயர்களுக்கு வணக்கம்.

போன மாதம் பேரனைக் கூட்டிக்கொண்டு ஏற்காட்டுக்குப் போனேன். இருபது கொண்டை ஊசி வளைவில் பாதியைக்கூடத் தாண்டவில்லை, பையன் காலையில் தின்ற இட்லியெல்லாம் வெளியே வந்துவிட்டது. வாயைத் துடைத்துக்கொண்டே, "தாத்தா, பழனி மாதிரி இங்கேயும் ரோப் கார் விட்டா என்ன?" என்றான். வண்டி ஓட்டுகிறவர் திரும்பாமலே, "கயிறு அறுந்தா பரவாயில்லையா தம்பி?" என்று சிரித்தார்.

நான் சேலத்தில் முப்பது வருடம் கிரேனும் வின்ச்சும் பழுது பார்த்தவன். அந்தச் சிரிப்புக்கு அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

மெல்லிய எஃகுக் கம்பிகளை முறுக்கினால் ஒரு பிரி. பல பிரிகளைச் சேர்த்து முறுக்கினால் வயர் ரோப். அது ஒரே நாளில் அறுவது அபூர்வம். கொத்தனார் கட்டுக்கம்பியை எப்படி ஒடிக்கிறார்? இப்படியும் அப்படியும் நாலு தடவை மடக்குகிறார், அவ்வளவுதான். கப்பியில் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் கயிறு வளைந்து நிமிர்கிறது. வருடக்கணக்கில் அப்படி ஓடினால் கம்பிகள் ஒவ்வொன்றாக ஒடியும். தூர நின்று பார்த்தால் கயிறு புதிதுபோலத்தான் இருக்கும். நாங்கள் பனியன் வேஸ்ட்டைக் கயிற்றில் சுற்றிப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஓடவிடுவோம். ஒடிந்த முனை இருந்தால் நூல் சிக்கி நிற்கும். அங்கே சாக்பீஸால் ஒரு கோடு. கோடுகள் நெருங்கி வந்தால் கயிற்றை மாற்றியாக வேண்டும்.

பனியன் வேஸ்ட் போகாத இடம் ஒன்று உண்டு. கயிற்றின் முனையைச் சாக்கெட்டுக்குள் இறுக்கியிருப்பார்கள் அல்லவா, அந்த வாய். ஆட்டமெல்லாம் அங்கே வந்துதான் முட்டும். தண்ணீர் இறங்கினால் துரு உள்ளுக்குள்ளேயே பிடிக்கும்.

2021 மே 23 அன்று இத்தாலியில் மோட்டரோனே மலை ரோப் காரில் கயிறு போனது அந்த முனைக்குப் பக்கத்தில்தான். அங்கே ஒரு கயிறு பெட்டியைத் தாங்கும், இன்னொன்று இழுக்கும். மேல் நிலையத்தை எட்டப்போகும் நேரத்தில் இழுக்கும் கயிறு அறுந்தது. பாதிக்கும் மேற்பட்ட கம்பிகள் அதற்கு முன்பே நைந்திருந்தன என்று பிறகு ஆய்ந்தவர்கள் சொன்னார்கள்.

சரி, அறுந்தது. அப்படி அறுந்தால் தாங்கு கயிற்றைக் கவ்விப் பிடிக்க ஒரு பிரேக் இருந்தது. ஆனால் கவ்வ விடாமல் அதில் இடுக்கி மாட்டியிருந்தார்கள். ஆளில்லாமல் பெட்டியை ஓட்டிப் பார்க்கும்போது மட்டும் மாட்ட வேண்டிய இடுக்கி அது. பிரேக் அடிக்கடி தானாகவே பிடித்துக்கொண்டு வண்டியை நிறுத்தியதாம். பழுதைச் சரிசெய்ய வண்டியை நிறுத்தி வைக்க வேண்டுமே, இடுக்கி போட்டால் போதும் என்று ஓட்டினார்கள். பெட்டி மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் பின்னோக்கி ஓடி, கயிற்றைத் தாங்கும் கோபுரத்தருகே தூக்கி எறியப்பட்டது. 15 பேரில் 14 பேர் இறந்தார்கள். பிழைத்தது ஐந்து வயதுப் பையன் ஒருவன்.

1972 மே 30-இல் லண்டன் பேட்டர்ஸி கேளிக்கைப் பூங்காவிலும் ஏறக்குறைய இதே கதை. மேலே இழுத்த கயிற்றிலிருந்து ரோலர் கோஸ்டர் வண்டி விடுபட்டது. பின்னால் உருளாமல் தடுக்க வேண்டிய பிடியும் கைவிட்டது. ஐந்து குழந்தைகள் போனார்கள்.

இத்தாலிக்காரர்களைத் திட்ட எனக்கு யோக்கியதை கிடையாது. நான் வேலை பார்த்த ஒரு பட்டறையில் கிரேன் கொக்கி உச்சிக்குப் போனால் மோட்டாரை நிறுத்தும் லிமிட் சுவிட்ச் ஒன்று இருந்தது. அது சும்மா சும்மா மோட்டாரை நிறுத்தும். யாரோ சைக்கிள் டியூபைக் கிழித்து அதன் கையை இழுத்துக் கட்டிவிட்டார்கள். நான் தினமும் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் கொக்கி மேலே போய் முட்டி, கயிறு அறுந்து கீழே விழுந்தது. சாப்பாட்டு நேரம். அடியில் யாரும் இல்லை. சிமென்ட் தரையில் ஒரு சாண் பள்ளம். அந்த டியூப் மட்டும் மேலே அப்படியே கட்டியபடி இருந்தது.

பழனி ரோப் காரை வருடாவருடம் பராமரிப்புக்காக வாரக்கணக்கில் நிறுத்துவார்கள். வருகிறவர்கள் முணுமுணுக்காமல் போவதில்லை. நாங்கள் ஒருமுறை அந்தச் சமயம் பார்த்துப் போய் மாட்டிக்கொண்டோம். யானைப்பாதையில்தான் ஏறினோம், பாதி தூரம் பேரன் என் தோளில்.