பிழைத்த பிறகு

அவைத்தலைவர் அவர்களுக்கும் அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

தமிழில் ‘பிழைத்தல்’ என்ற சொல்லுக்கு உயிர் தப்புவது என்றும் பொருள், தொழில் செய்து வாழ்வது என்றும் பொருள். கடுமையான வைரஸ் தொற்றிலிருந்து மீண்டவரைக் காட்டி மருத்துவர் ‘பிழைத்துக்கொண்டார்’ என்று சொல்லும்போது முதற்பொருளில் சொல்கிறார். வீடு திரும்பியவர் ‘இனி எப்படிப் பிழைப்பேன்’ என்று கேட்கும்போது இரண்டாம் பொருளில் கேட்கிறார். இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன்.

உடல், மனம், சமூக வாழ்வு மூன்றும் முழுமையாக நன்றாயிருப்பதே ஆரோக்கியம் என்றும், நோயில்லாதிருப்பது மட்டும் போதாது என்றும், 1948-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் சாசனம் கூறுகிறது. ஏட்டளவில் இதை மறுப்பார் யாருமில்லை. ஆனால் சோதனை முடிவு ‘நெகட்டிவ்’ என்று வந்ததும் நோயாளியின் கோப்பை மூடிவிடுவதே மருத்துவர்களாகிய எங்கள் வழக்கமாக இருந்து வந்திருக்கிறது.

வைரஸ் போன பிறகும் அதன் சுவடு தங்குவது புதிய செய்தியன்று. சிக்குன்குனியா 1952-இல் இன்றைய தான்சானியாவில் பரவியபோது அடையாளம் காணப்பட்டது. வலியால் உடல் வளைந்துபோவதைக் குறிக்கும் மக்கோண்டே மொழிச் சொல்லே அதற்குப் பெயராயிற்று. காய்ச்சல் சில நாட்களில் தணிந்துவிடும். மூட்டுவலியோ சிலருக்கு மாதக்கணக்கிலும் சிலருக்கு ஆண்டுக்கணக்கிலும் நீடிக்கும். 2014 முதல் 2016 வரை மேற்கு ஆப்பிரிக்காவை உலுக்கிய எபோலாவில் 28,000-க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 11,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மீண்டவர்களில் பலருக்கு மூட்டுவலியும் கண் அழற்சியும் தொடர்ந்தன. இரத்தத்தில் வைரஸ் அற்றுப்போன பிறகும், நோய் எதிர்ப்பாற்றல் எளிதில் எட்டாத கண் போன்ற இடங்களில் அது ஒளிந்திருந்தது. ஊரார் நெருங்க அஞ்சியது அதனினும் கொடிது. இளம்பிள்ளைவாதத்திலோ, தேறிய தசைகள் 15 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து மீண்டும் தளர்வதுண்டு.

கோவிட்டுக்குப் பின் நீடிக்கும் சோர்வு, மூச்சிரைப்பு, சிந்தனைத் தடுமாற்றம் ஆகியவற்றைத் தனியொரு நோய்நிலையாக 2021 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் வரையறுத்தது. ‘நீண்ட கோவிட்’ என்ற பெயரை அதற்கு முந்தைய ஆண்டே நோயாளிகள் தாங்களாக வைத்துவிட்டார்கள். நாங்கள் பின்னால்தான் போய்ச் சேர்ந்தோம் என்பதை ஒரு மருத்துவனாகச் சற்று வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

இந்தச் சோர்வைச் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டும். ஒருவர் காலையில் எழுகிறார், குளிக்கிறார், சட்டையின் கடைசிப் பொத்தானைப் போட்டு முடிப்பதற்குள் கட்டிலில் உட்கார்ந்துவிடுகிறார். தலை துவட்டக் கையை உயர்த்தினால் தோள் கெஞ்சுகிறது. செய்தித்தாளில் ஒரே பத்தியை மூன்று முறை படித்தும் மனத்தில் நிற்கவில்லை. ‘இன்று பரவாயில்லையே’ என்று தோன்றிய ஒரு நாளில், மிச்சமிருந்த வேலைகளையெல்லாம் இழுத்துப்போட்டுச் செய்கிறார். அன்று ஒன்றும் ஆவதில்லை. அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ அடித்துப் போட்டாற்போல் விழுகிறார். உழைப்புக்கும் வீழ்ச்சிக்கும் இடையே இப்படி ஓரிரு நாள் இடைவெளி இருப்பதால், காரணம் எதுவென்று அவருக்கே புரிவதில்லை. வீட்டாருக்கோ அது சோம்பலாகத் தெரிகிறது.

‘கொஞ்சம் நட, எல்லாம் சரியாகிவிடும்’ என்ற அறிவுரை இங்கேதான் ஆபத்தாகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் வாரக்கணக்கில் படுத்திருந்து தசை கரைந்தவருக்குப் படிப்படியான உடற்பயிற்சி மருந்து. உழைத்தபின் விழுகிறவருக்கு அதே பயிற்சி தீங்காகலாம். இரு தொல்லைகளும் ஒருவரிடமே இருப்பதும் உண்டு. நாட்பட்ட சோர்வு நோய்க்குக் கட்டாயமாக ஏற்றிக்கொண்டே போகும் பயிற்சித் திட்டத்தை, ‘நைஸ்’ எனப்படும் பிரிட்டனின் வழிகாட்டு நிறுவனம் 2021-இல் கைவிட்டது. கையிலுள்ள பலத்தை எண்ணிச் செலவிடுவதும், களைப்பு வருமுன்பே ஓய்ந்துகொள்வதும் அத்தகையோருக்கு உகந்த வழி.

வாழ்க்கைத் தரத்தை அளக்கக் கருவிகள் இல்லாமலில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் சுருக்க வினாத்தாளில் 26 கேள்விகள். உடல், மனம், உறவு, சுற்றுச்சூழல் என்ற நான்கையும் அது தொடுகிறது. பரவலாகப் பயன்படும் வேறொன்று நடமாட்டம், தன்னைத்தான் பேணுதல், அன்றாட வேலை, வலி, மனக்கவலை என ஐந்தை மட்டும் கேட்டுவிட்டு, இன்றைய உடல்நிலைக்குப் பூஜ்யம் முதல் 100 வரை ஓர் எண்ணைக் குறிக்கச் சொல்கிறது. நல்ல கருவிகள்தாம், ஆயினும் அந்த எண்ணை மட்டும் நம்பி நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன்.

என்னிடம் வந்த ஒருவர் 80 என்று குறித்தார். மகிழ்ந்து எழுதிக்கொண்டேன். உடன் வந்திருந்த அவர் மனைவி மெல்லச் சொன்னார்: “ஆறு மாதமாக இவர் மாடிக்கே போகவில்லை, டாக்டர். கட்டிலைக் கீழே போட்டுக்கொண்டார், நண்பர்களை வர வேண்டாம் என்றுவிட்டார்.” தொல்லை தரும் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக விட்டுவிட்டவருக்கு, மிஞ்சிய சிறு வட்டத்துக்குள் தொல்லை குறைவாகத்தானே தெரியும்! அன்றிலிருந்து வினாத்தாளைக் கொடுக்குமுன், ‘நேற்றுக் காலை முதல் இரவு வரை என்னென்ன செய்தீர்கள்? நோய்க்கு முன் செய்துவந்ததில் எதை விட்டுவிட்டீர்கள்?’ என்று கேட்கிறேன். பதில் சொல்லி முடிக்கக் கால் மணி நேரம் ஆகும், ஆகட்டும்.

அவர் சென்ற மாதம் மறுபடி வந்தார். அதே தாளில் 60 என்று குறித்தார். ஏன் குறைந்தது என்று கேட்டேன். மாடியேறத் தொடங்கியிருக்கிறாராம், நடுப்படியில் ஒருமுறை உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, பிறகு ஏறுகிறாராம்.