ஆழம் அறியாமல் காலை விடாதே

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பிரதம விருந்தினராக வந்து எங்கள் வாசிகசாலையைப் பெருமைப்படுத்தியிருக்கும் பிரதேச செயலாளர் அம்மா அவர்களே, ஆசியுரை தந்த குருக்கள் ஐயா அவர்களே, அருட்தந்தை அவர்களே, என்னிடம் பிரம்படி வாங்கி இன்று எனக்கே மாலை போட்ட அதிபர் தம்பி அவர்களே, கிராம அலுவலர் அவர்களே, மாதர் சங்கத் தலைவி அவர்களே, காலை தொடக்கம் ஒலிபெருக்கியோடு மல்லுக்கட்டும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். யாரையும் விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். துண்டு எழுதித் தந்தவரின் கையெழுத்து அப்படி.

விமானம் பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்று விடயம் சொல்வேன். இருட்டில் கருவியை நம்பி எப்படி இறங்குகிறார்கள், அப்படி இறங்கிய சிறு விமானங்கள் ஏன் விபத்துக்குள்ளாயின, மூன்றாவது எங்கள் பலாலி விமான நிலையம். மூன்றுக்கும் அடியில் என் அப்பு ஓயாமல் சொன்ன பழமொழி கிடக்கிறது: ஆழம் அறியாமல் காலை விடாதே.

ராட்டினத்தில் கண்ணை மூடிக்கொண்டு இருந்து பாருங்கள். கொஞ்ச நேரத்தில் சுற்றுவதே தெரியாது. காதுக்குள் மூன்று அரைவட்டக் குழாய்கள், அவற்றுக்குள் நீர். ஒரே சீராகச் சுற்றினால் நீரும் குழாயோடு சேர்ந்து ஓடும். மூளைக்குச் செய்தி நின்றுபோகும். முகிலுக்குள் விமானம் சரிந்து திரும்பும், விமானிக்கோ நேரே போவதாகத் தோன்றும். அதனால்தான் சரிவையும் உயரத்தையும் காட்டும் கருவி. இந்தப் புள்ளி வரை இந்த உயரத்துக்குக் கீழே வராதே, அடுத்த புள்ளி வரை இந்த உயரம் என்று அச்சிட்ட வரைபடம் இருக்கிறது, கேணிப் படி மாதிரி. கடைசிப் படியிலும் ஓடுபாதை கண்ணில் படாவிட்டால் மேலே ஏறிப் போய்விட வேண்டும். ரோசம் பார்க்கக் கூடாது.

2022 நவம்பர் 27, ஞாயிறு மாலை. அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில் கெய்தர்ஸ்பர்க் என்ற ஊர். ஒற்றை எஞ்சின் மூனி விமானம், உள்ளே இருவர். இருட்டு, மூடுபனி. படி தவறித் தாழ இறங்கி, ஓடுபாதைக்கு ஏறத்தாழ 2 கிலோமீற்றர் முன்னாலேயே உயர் அழுத்த மின்கோபுரத்தில் போய்ச் செருகியது. விழவில்லை! 100 அடி உயரத்தில், பனையில் பட்டம் சிக்கின மாதிரி. (சிரிப்பு) சிரிக்காதேங்கோ. பட்டமென்றால் நூலை அறுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். உள்ளே இரண்டு உயிர். விமானி அங்கிருந்தே கைத்தொலைபேசியில் அவசர இலக்கத்துக்கு எடுத்துக் கதைக்கிறார். கீழே தீயணைப்புப் படை நிற்கிறது, ஏற முடியாது. கரண்டை நிறுத்தினால் மட்டும் போதாது, கம்பியை நிலத்தோடு தொடுத்து மிச்சத்தையும் இறக்க வேண்டும். பிறகு விமானத்தைக் கோபுரத்தோடு சேர்த்துக் கட்ட வேண்டும். 80,000-க்கும் மேற்பட்ட இடங்களில் கரண்ட் இல்லை. அடுத்த நாள் பள்ளிக்கூடம் லீவு. பின்வரிசைப் பிள்ளைகள் கைதட்ட வேண்டாம்! ஏறத்தாழ ஏழு மணித்தியாலம் கழித்து, நடுச்சாமம் தாண்டித்தான் இருவரையும் காயத்தோடு இறக்கினார்கள். விசாரணை அறிக்கை சொன்ன காரணம், விமானி அச்சிட்ட உயரங்களைக் கடைப்பிடிக்கவில்லை. ஆழம் அறியாமல் காலை விட்டார், காலுக்கடியில் கோபுரம்.

2025 மே 22 விடியப்புறம் சான் டியேகோவில் மூடுபனிக்குள் இறங்கிய சிறு ஜெற்றும் மின்கம்பியில்தான் பட்டது. உள்ளே இருந்த ஆறு பேரும் போய்விட்டார்கள். அங்கே ஓடுபாதைக்கு வழிகாட்டும் அணுகு விளக்குகள் பழுது. வானிலை சொல்லும் தானியங்கிக் கருவியும் பழுது.

பழுது என்றதும் எனக்கு எங்கள் ஒழுங்கைகள்தான் ஞாபகம். அம்மா அவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் 1990இல் போருக்குப் பயந்து எழும்பி ஓடினோம். இராணுவம் வைத்திருந்த காணிகளைக் கட்டம் கட்டமாக விட்டார்கள். திரும்பி வந்தால் வீடு இல்லை, வேலி இல்லை, கிணறு மட்டும் இருக்கிறது. கட்டு உடைந்த கிணறு, பற்றை மூடின கிணறு. ஆறில்லாத சுண்ணாம்புக்கல் மண். வளவுக்கு ஒன்று, தோட்டத்துக்கு ஒன்று என்று வெட்டி வைத்தார்கள் முன்னோர். போன மாரியில் கரண்ட் நின்ற ஓரிரவு, சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தேன். எருக்கலைப் பற்றைக்கு அப்பால் முன்சில்லு அந்தரத்தில் தொங்கியது. ஒரு கல் உருண்டு விழுந்தது. தண்ணீர்ச் சத்தம் வர ஒரு செக்கன். அப்படியென்றால் 5 மீற்றர். பௌதிகம் படிப்பித்த புத்தி அந்த நேரத்திலும் விடவில்லை.

முறைப்பாடு கொடுத்தேன். காணி யாருடையது என்று கேட்டார்கள். காணிக்காரர் கனடாவில், கிணறு இங்கே. ஆழம் அறியாமல் காலை விடாதே என்று பிள்ளைக்குச் சொல்லலாம். ஆழம் இருக்கிறதென்றே தெரியாத பிள்ளைக்கு என்ன சொல்வது? இடுப்பளவு கட்டு, அது முடியாவிட்டால் நாலு கட்டையும் முள்ளுக்கம்பியும், இருட்டில் மினுங்கும் ஒரு சிவப்புத் தாள். ஓடுபாதை விளக்கோடு பார்த்தால் இது என்ன செலவு?

மூன்றாவது விடயம் பலாலி. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படை போட்ட ஓடுபாதை, 2019 ஒக்டோபர் 17இல் சர்வதேச விமான நிலையமானது... தலைவர் மணிக்கூட்டைக் காட்டுகிறார். சரி, அது அடுத்த ஆண்டு விழாவில், கூப்பிட்டால்.

ஒரு கொப்பி கொண்டுவந்திருக்கிறேன். நான் நடந்து பார்த்த கட்டில்லாக் கிணறுகள் இதில் இருக்கின்றன. வரிசை வரிசையாகக் கைமாற்றுங்கள். உங்களுக்குத் தெரிந்த கிணறு இருந்தால் ஒழுங்கையின் பெயர், பக்கத்தில் நிற்கும் மரம், கட்டு எவ்வளவு மிச்சம் என்று எழுதுங்கள். அம்மா அவர்கள் எழும்ப முன் அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். பேனையை நூலில் கட்டியிருக்கிறேன், கழற்றிக்கொண்டு போகாதேங்கோ.