ஈரச் சாலையில் கோடை டயர்

நேயர்களுக்கு என் வணக்கம். விரைவோட்டத்துக்கென்று செய்யப்பட்ட செடான் கார்களின் கோடை டயர்களை எப்படி ஒப்பிடுவது என்று பேசும்படி நிலையத்தார் என்னை அழைத்திருக்கிறார்கள். இந்தக் கேள்வியை மிகுந்த அக்கறையோடு கேட்கிற நாடுகளில் ஜெர்மனி முதன்மையானது என்பதால், அந்த நாட்டுச் சாலைகளையும் அங்கே கிடைக்கும் டயர்களையும் வைத்தே பேச விரும்புகிறேன்.

அங்கே பனி, உறைபனி, பனிக்கட்டி ஆகியவை படிந்த சாலையில் குளிர்கால டயர் இல்லாமல் ஓட்டக்கூடாது என்று 2010-ஆம் ஆண்டு விதி தெளிவாக வகுக்கப்பட்டது. 2024 அக்டோபர் முதல், மூன்று முகடுள்ள மலையும் அதனுள் பனித்துகளும் பொறித்த குறி இருந்தால்தான் அந்த டயர் குளிர்கால டயராகக் கணக்கில் வரும். ஆகவே அக்டோபரிலிருந்து ஈஸ்டர் வரை ஒரு செட், ஈஸ்டரிலிருந்து அக்டோபர் வரை இன்னொரு செட் என்று இரண்டு செட் சக்கரங்கள் வைத்துக்கொள்வது அங்கே பலருடைய வழக்கம். இதனால் கோடை டயரைச் செய்பவருக்கு ஒரு விடுதலை கிடைக்கிறது. பனியைப் பற்றி அவர் நினைக்கவே வேண்டியதில்லை. வெயில், மழை, வேகம் ஆகிய மூன்றுக்கு மட்டுமே பதில் சொன்னால் போதும். நெடுஞ்சாலையான ஆட்டோபானின் பல பகுதிகளில் மணிக்கு 130 கிலோமீட்டர் என்பது பரிந்துரை மட்டுமே, கட்டாய எல்லை அல்ல என்பதால், வேகத்தின் எல்லையைக் குறிக்க டயரில் பொறிக்கும் எழுத்துகளில் 270 கிலோமீட்டர் வரை தாங்கும் டபிள்யூ எழுத்தும் 300 வரை தாங்கும் ஒய் எழுத்தும் அந்த நாட்டில் வெறும் அலங்காரம் அல்ல.

முதலில் அளவை மனத்தில் நிறுத்திக்கொள்வோம். ஒரு காரின் எடை 1,700 கிலோ, டயரின் காற்றழுத்தம் 2.4 பார் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 175 சதுர சென்டிமீட்டர். விரல்களோடு விரித்து வைத்த ஒரு கையின் பரப்பு அவ்வளவுதான் இருக்கும். இன்னும் அகலமான டயரை மாட்டினால் இந்தப் பரப்பு பெரிதாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். எடையும் காற்றழுத்தமும் மாறாதவரை பரப்பு பெரும்பாலும் மாறுவதில்லை. அதன் வடிவம்தான் மாறுகிறது. அகலம் கூடி நீளம் குறைந்த அந்த வடிவம் வளைவுகளில் உதவும். ஆனால் தேங்கிய நீரைக் கிழித்துக்கொண்டு போக வேண்டிய இடத்தில் அதுவே பாதகமாக மாறும், ஏனென்றால் அகலமான முன்விளிம்பு விலக்க வேண்டிய தண்ணீரும் அதிகம்.

அந்தக் கையளவு ரப்பர் சாலையை எப்படிப் பிடிக்கிறது என்பதே இந்தப் பேச்சின் மையம். ரப்பர் சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் அழுந்தி மீள்கிறது, மீளும்போது தாமதிக்கிறது, அந்தத் தாமதத்தில் ஆற்றல் வெப்பமாகக் கழிகிறது, அந்தக் கழிவுதான் பிடிமானத்தின் பெரும்பகுதி. ஆனால் அதே கழிவு, சக்கரம் சாதாரணமாக உருளும்போது நிகழ்ந்தால் எரிபொருள் வீணாகும். இரண்டையும் பிரித்துக் கையாள முடிவதற்குக் காரணம் அதிர்வெண். 18 அங்குல ரிம்மில் மாட்டிய ஒரு டயர் 100 கிலோமீட்டர் வேகத்தில் வினாடிக்கு 13 முறை சுற்றுகிறது. பிரேக் பிடித்து ரப்பர் சாலையின் நுண்மேடுகள் மேல் வழுக்கும்போதோ அது வினாடிக்குப் பல்லாயிரம் முறை அழுத்தப்பட்டு மீள்கிறது. முதல் வகை அசைவில் குறைவாகவும் இரண்டாம் வகையில் நிறையவும் ஆற்றலைக் கழிக்கும் கலவையைத் தேடியவர்களுக்குக் கைகொடுத்தது சிலிக்கா. டயருக்குக் கறுப்பு நிறத்தையும் வலிமையையும் தந்துவந்த கார்பன் கரியின் பெரும்பகுதியை விலக்கி, அந்த இடத்தில் நுண்சிலிக்காவை வைத்து, அதை ரப்பரோடு பிணைக்க சிலேன் என்ற வேதிப்பொருளைச் சேர்க்கும் முறையை 1990-களின் தொடக்கத்தில் மிஷெலின் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஈரச் சாலையில் இன்று நமக்குக் கிடைக்கும் பிடிமானத்துக்கு நாம் அந்த மாற்றத்துக்கே கடன்பட்டிருக்கிறோம் என்பேன்.

ஒப்பீட்டில் எதற்கு முதலிடம் தருவது? உலர்ந்த தளத்தில் ஒரு சுற்றை எத்தனை வினாடியில் முடித்தது என்பதற்குத்தான் ரசிகர்கள் முதலிடம் தருகிறார்கள். நான் ஈரத்தில் பிரேக் பிடிக்கும் தூரத்துக்குத் தருகிறேன். காரணத்தை ஒரு கணக்கால் சொல்கிறேன். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் நனைந்த சாலையில் இரண்டு கார்கள் அருகருகே ஓடி, ஒரே புள்ளியில் பிரேக் பிடிக்கின்றன. ஒன்றின் டயர் வினாடிக்கு வினாடி 9 மீட்டர் வேகத்தைக் குறைக்கிறது, மற்றொன்றின் டயர் 8 மீட்டர். முதல் கார் 27 மீட்டரைத் தாண்டியதும் நின்றுவிடும். இரண்டாவதற்கு ஏறத்தாழ 31 மீட்டர் வேண்டும். வித்தியாசம் மூன்றரை மீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் முதல் கார் நின்றுவிட்ட அதே இடத்தைக் கடக்கும்போது இரண்டாவது கார் இன்னும் மணிக்கு 27 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் ஒரு குழந்தை சாலையைக் கடந்துகொண்டிருந்தால், காகிதத்தில் சிறிதாகத் தெரியும் அந்த இடைவெளியின் பொருள் என்ன என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

இப்படிப்பட்ட சிறு இடைவெளிகளை நம்பிக்கையோடு அளப்பது எளிதல்ல. காலையில் நனைத்த தளமும் நண்பகலில் நனைத்த தளமும் ஒன்றல்ல. தளம் சூடேறினால் எல்லா எண்களும் நகரும். ஆகவே நேர்மையான சோதனையாளர் அளவுகோலாக ஒரு டயரை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சில ஓட்டங்களுக்கும் ஒருமுறை அதையே மறுபடி ஓட்டி, தளம் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதைக் கணித்து மற்ற எண்களைத் திருத்துவார். ஹனோவருக்கு அருகே 1967-இல் திறக்கப்பட்ட கான்டிட்ரோம் சோதனைத் திடலில், வெயிலும் காற்றும் குறுக்கிடாதபடி கூரையிட்ட கூடமொன்றுக்குள், ஓட்டுநர் இல்லாத கார்களைக் கொண்டே பிரேக் சோதனை நடத்தும் ஏற்பாடு இருக்கிறது. மனிதக் கால் பிரேக்கை மிதிப்பதில் உள்ள சிறு வேறுபாடுகூடக் கணக்கைக் கெடுத்துவிடும் என்பதால்தான் இத்தனை பாடு.

இதை எண்ணும்போது என் பழைய தவறு ஒன்று நினைவுக்கு வருகிறது. தேய்ந்துபோன ஒரு செட்டைக் கழற்றிவிட்டு வேறு நிறுவனத்தின் புது செட்டை மாட்டிய அன்று, மழையில் கார் பிடித்த பிடியைக் கண்டு, இந்த நிறுவனமே உயர்ந்தது என்று பல நண்பர்களிடம் உறுதியாகச் சொன்னேன். தரையைத் தொடும், பள்ளங்கள் வெட்டிய ரப்பர்ப் பரப்பைப் பட்டன் என்பார்கள்; நான் ஒப்பிட்டது இரண்டு நிறுவனங்களை அல்ல, பள்ளத்தின் ஆழம் 2 மில்லிமீட்டரான பட்டனையும் 8 மில்லிமீட்டரான பட்டனையும் என்பது பிறகுதான் உறைத்தது. டயரைப் பற்றி நண்பர்கள் சொல்லும் அனுபவங்களில் பெரும்பாலானவை இத்தகைய ஒப்பீடுகளே.

அளவிலும் குறியிலும்கூட ஏமாற இடமுண்டு. பி.எம்.டபிள்யூ. 3 சீரிஸ் காரின் 2019-ஆம் ஆண்டு வடிவத்தில் 19 அங்குலச் சக்கரம் மாட்டினால், முன்னே 225 மில்லிமீட்டர் அகலமும் பின்னே 255 மில்லிமீட்டர் அகலமும் உள்ள டயர்கள் வருவது வழக்கம். முன்னதைப் பின்னதோடு மாற்றி மாட்டித் தேய்மானத்தைச் சமன்செய்ய இதில் வழியில்லை. மேலும், டயரின் பக்கச்சுவரில் நட்சத்திரம் இருந்தால் அது பி.எம்.டபிள்யூ.வுக்காகச் சரிசெய்யப்பட்டது, எம்.ஓ. என்றால் மெர்சிடிஸுக்கு, ஏ.ஓ. என்றால் ஆடிக்கு. பெயர் ஒன்றாக இருந்தாலும் கலவையும் உள்கட்டும் வேறாக இருக்கலாம். ஆகவே குறியில்லாத டயரைப் பற்றிய சோதனை முடிவை நட்சத்திரம் பொறித்த டயருக்கு அப்படியே பொருத்திப் பார்ப்பது சரியாகாது.

இனி நான்கு டயர்களுக்கு வருகிறேன். 2017-இல் வந்த மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ், பட்டனின் வெளிப்பாதிக்கு ஒரு கலவையும் உட்பாதிக்கு வேறொரு கலவையும் கொண்டது. அராமிட், நைலான் இழைகளைப் பின்னிய பட்டை, அதிவேகத்தில் அது உப்பாமல் காக்கிறது. அதன் பெருமை நீடித்த உழைப்பு. புதிதாக இருந்தபோது காட்டிய குணத்தை நெடுநாள் கழித்தும் காட்டுவது அதன் சிறப்பு. 2021-இல் வந்த கான்டினென்டல் ஸ்போர்ட்கான்டாக்ட் 7, வண்டியின் வகைக்கும் டயரின் அளவுக்கும் ஏற்பப் பட்டன் அமைப்பை மாற்றிச் செய்யப்படுவது. ஈரத்தில் பிரேக் பிடிப்பதிலும் வளைவில் நம்பிக்கை தருவதிலும் இந்த நால்வரில் எனக்கு மிகவும் பிடித்தது அதுவே; உழைப்பில் மிஷெலினுக்கு நிகரில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதே ஆண்டில் வந்த பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்சா ஸ்போர்ட், ஸ்டீயரிங்கைத் தொட்டவுடன் திரும்பும் கூர்மையுடையது. அந்தக் கூர்மைக்கு ஈடாகச் சற்றுக் கடினமான சவாரியையும் விரைவான தேய்மானத்தையும் ஏற்க வேண்டியிருக்கும். 2022-இல் வந்த குட்இயர் ஈகிள் எஃப்1 அசிமெட்ரிக் 6, பந்தயத்திடல் பக்கமே போகாமல் அன்றாடம் அலுவலகத்துக்கும் ஆட்டோபானுக்கும் போய்வருபவருக்கு, மென்மையும் மழைப் பிடிமானமும் ஒருசேரத் தரும் நல்ல தேர்வு.

அரசு ஒட்டச்செய்யும் சீட்டைப் பற்றியும் ஒரு சொல். 2021 மே முதல் நடப்பிலுள்ள ஐரோப்பியச் சீட்டு, கோடை டயரைப் பொறுத்தவரை, உருளும்போது எரிபொருள் வீணாகும் அளவு, ஈரப் பிடிமானம், வெளிச்சத்தம் ஆகியவற்றை மட்டுமே சொல்கிறது. உலர்ந்த சாலை, வளைவில் நடத்தை, தேங்கிய நீரில் மிதத்தல், உழைப்பு ஆகியவை அதில் கிடையா. பக்கச்சுவரில் இருக்கும் அமெரிக்கத் தேய்மான எண்ணும் தயாரிப்பாளரே அறிவிக்கும் எண்தான். ஒரு நிறுவனத்தின் 300-ஐ இன்னொரு நிறுவனத்தின் 300-க்கு நிகராகக் கொள்ள வேண்டாம். ஜெர்மன் வாகன ஓட்டிகள் சங்கமான ஏ.டி.ஏ.சி., 2023 முதல் தன் மதிப்பெண்ணில் 70 விழுக்காட்டை ஓட்டப் பாதுகாப்புக்கும் 30 விழுக்காட்டைத் தேய்மானம் உள்ளிட்ட சுற்றுச்சூழல் கணக்குக்கும் ஒதுக்குகிறது. டயரிலிருந்து உதிரும் துகள்கள் மண்ணிலும் ஆற்றிலும்தான் போய்ச் சேர்கின்றன என்பதால் அந்தப் பங்கை நான் மனமார வரவேற்கிறேன்.

வெப்பத்தையும் மறந்துவிடக்கூடாது. இத்தகைய விரைவோட்ட டயரின் ரப்பர்க் கலவை சூட்டில் உயிர்பெறும். 7 பாகைக்குக் கீழே விறைக்கத் தொடங்கும். உறைநிலைக்கு வெகுகீழே போனால் பட்டனில் விரிசலே விடக்கூடும். ஏப்ரல் மாதத்து விடியற்காலை மழையில், இந்த டயர்களில் எதுவும் சோதனையில் காட்டிய முகத்தைக் காட்டாது.

கடைசியாக, தேய்ந்த நிலை. சட்டம் 1.6 மில்லிமீட்டர் வரை அனுமதிக்கிறது. உலர்ந்த சாலையில் தேய்ந்த டயர் மோசமில்லை. பட்டனின் பள்ளங்களுக்கு இடையே குட்டையாகிப்போன ரப்பர்க் கட்டிகள் குறைவாகவே நெளிவதால் சிலவேளை புதிதைவிட நன்றாகவே பிடிக்கும். அந்த நல்ல பிடியே ஓட்டுநரை ஏமாற்றுகிறது, ஏனென்றால் மழை வந்த அன்று நீரை வெளியேற்றப் பள்ளம் போதாமல் டயர் தண்ணீரின் மேல் மிதக்கத் தொடங்கும். 2024 ஜூலை முதல், ஐரோப்பாவில் புதிதாக ஒப்புதல் கேட்கும் கார் டயர் வகைகள் தேய்ந்த நிலையிலும் ஈரப் பிடிமானச் சோதனையில் தேற வேண்டும் என்ற விதி வந்திருக்கிறது. இது பல ஆண்டுகளுக்கு முன்பே வந்திருக்க வேண்டிய விதி. கோடை டயருக்கு 3 மில்லிமீட்டரே கடைசி எல்லை என்று ஏ.டி.ஏ.சி. பரிந்துரைக்கிறது. அதை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். 1 யூரோ மதிப்புள்ள நாணயத்தைச் சுற்றியுள்ள பொன்னிற விளிம்பின் அகலம் 3 மில்லிமீட்டர். அக்டோபரில் சக்கரங்களைக் கழற்றி அடுக்கும்போது, ஒவ்வொரு டயரிலும் உள்பக்கம், நடு, வெளிப்பக்கம் என மூன்று இடங்களில் அந்த நாணயத்தைப் பள்ளத்துக்குள் நிறுத்திப் பாருங்கள். பொன்னிறம் ஓரிடத்தில் வெளியே தெரிந்தாலும், அடுத்த ஈஸ்டருக்கு அந்த டயரை மறுபடி மாட்டாதீர்கள். வணக்கம்.