பாட்டின் பலம் அடுத்தவர் குரலில்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையை நிறைத்திருக்கும் இசை ரசிகர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பழம்பெரும் ராக் குழுவின் பாடல்களை மற்றவர்கள் பாடி வெளியிடும் ட்ரிப்யூட் ஆல்பங்கள் அந்தக் குழுவுக்குப் பெருமையா, சிறுமையா? பெருமையே என்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர், "அசல் இருக்கும்போது நகல் எதற்கு? எல்லாம் கம்பெனிகளின் வசூல் வேலை" என்றார். பலத்த கைதட்டலும் வாங்கினார். பிளாக் சபாத் என்ற ஒரே குழுவை வைத்து அவருக்குப் பதில் சொல்கிறேன்.

1970 பிப்ரவரி 13. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்துத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள் நால்வரின் முதல் ஆல்பம் வந்தது. ரோலிங் ஸ்டோன் பத்திரிகை அதைக் கிழித்துத் தொங்கவிட்டது. ராக் கலைஞர்களைக் கௌரவிக்கும் 'ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்' அமைப்பு அவர்களைச் சேர்த்துக்கொண்டது 2006ல்தான். அன்று மேடையேறி அவர்களைக் கௌரவித்தது யார்? இவர்களைக் கேட்டு வளர்ந்த மெட்டாலிகா குழு! மதிப்பு தெரிந்து முன்னால் வந்தவர்கள் சக கலைஞர்கள்தான்.

அதற்கு 12 ஆண்டுகளுக்கு முன்பே, 1994ல், 'நேட்டிவிட்டி இன் பிளாக்' என்ற ட்ரிப்யூட் ஆல்பம் வந்துவிட்டது. பிரேசிலின் செபுல்டுரா, அமெரிக்காவின் மெகாடெத், இங்கிலாந்தின் கதீட்ரல் என்று பல ஊர்க்காரர்கள் வாசித்தார்கள். இது அவமானம் என்றால், சபாத்தின் பாடகர் ஓஸி ஆஸ்போர்னே வந்து தெரபி குழுவோடு சேர்ந்து 'அயர்ன் மேன்' பாடியிருப்பாரா? சபாத்தில் பேஸ் கிடார் வாசிக்கும் கீஸர் பட்லரும் டிரம்ஸ் வாசிக்கும் பில் வார்டும், ஜூடாஸ் ப்ரீஸ்ட் பாடகர் ராப் ஹால்ஃபோர்டோடு 'தி விஸர்ட்' வாசித்திருப்பார்களா? பெற்றவர்களே வந்து நின்ற விசேஷம் ஐயா அது!

அதில் ஒரு பாட்டைக் கொஞ்சம் பக்கத்தில் போய்க் கேட்போம். குழுவின் பெயரையே கொண்ட 'பிளாக் சபாத்'. மழைச் சத்தம், தூரத்தில் மணியோசை, அப்புறம் கிடாரில் மூன்றே சுரம். முதல் சுரம், அதன் மேல்ஸ்தாயி, பிறகு காதுக்கு ஒட்டாத அந்த மூன்றாவது சுரம். இதை நியூயார்க்கின் டைப் ஓ நெகட்டிவ் குழு எடுத்தது. அதன் பாடகர் பீட்டர் ஸ்டீலின் குரல் கிணற்றடியிலிருந்து வருவதுபோல இருக்கும். ஓஸி பாடும்போது பயந்து நடுங்குகிறவன் தெரிகிறான். ஸ்டீல் பாடும்போது, பயப்படுவதையே விட்டுவிட்டவன் தெரிகிறான். மெட்டு அதேதான், ஆனால் மனநிலை முழுக்க வேறு. இப்படி ஒன்று அந்தப் பாட்டுக்குள் இருந்ததே எனக்கு அவர் பாடிய பிறகுதான் தெரிந்தது.

"அந்தக் கிடார் ஒலியை யாராலும் கொண்டுவர முடியாதே" என்று எதிரணி கேட்கும். உண்மைதான். சபாத்தின் கிடார் கலைஞர் டோனி அயோமி 17 வயதில் தகரத் தொழிற்சாலை இயந்திரத்தில் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, விரல் நுனிக்குத் தானே உறை செய்து மாட்டிக்கொண்டு வாசித்தார். பின்னாளில் தந்திகளைத் தளர்த்தி ட்யூன் செய்தார். அந்தக் கனத்த ஒலியில் இதற்கெல்லாம் பங்கு உண்டு. அப்படியானால் கிடாரையே எடுத்துவிட்டால் பாட்டு செத்துவிட வேண்டும் அல்லவா?

சாகவில்லை நடுவர் அவர்களே. எஸ்டோனியா நாட்டின் ரொண்டெல்லஸ், ஐரோப்பாவின் இடைக்கால இசையை வாசிக்கும் குழு. 2000களின் தொடக்கத்தில் 'சபாட்டும்' என்று ஒரு முழு ஆல்பம் போட்டார்கள். மின்கிடார் இல்லை, டிரம் செட் இல்லை. லூட், ஹார்ப் போன்ற பழைய தந்திக் கருவிகள், கூடவே லத்தீனில் பாட்டு. சபாத்தின் 'வார் பிக்ஸ்' வியட்நாம் போர்க்காலத்தில் வந்த பாட்டு. பெரிய இடத்து ஆட்கள் போரைத் தொடங்கிவிட்டு ஒதுங்கிக்கொள்ள, ஏழை வீட்டுப் பிள்ளைகள் சாகிறார்கள் என்கிற கோபம் அது. ரொண்டெல்லஸில் அது கூட்டுப் பிரார்த்தனைபோல வருகிறது. சாத்தான் குழு என்று திட்டப்பட்டவர்களின் மெட்டு, தேவாலய இசையின் சாயலில்! இரைச்சலை எல்லாம் உரித்த பிறகும் மெட்டு நிமிர்ந்து நிற்கிறது. சபாத்தை வெறும் சத்தம் என்றவர்களுக்கு இதைவிட என்ன பதில் வேண்டும்? 2014ல் டெக்சஸின் பிரவுன்அவுட் குழு சபாத் பாடல்களை ஊதுகருவிகளோடு லத்தீன் அமெரிக்கத் தாளம் கலந்த ஃபங்க் என்ற ஆட்ட இசையாக ஆக்கியது. அதற்கு நீங்கள் எழுந்து ஆடலாம்.

மட்டமான ட்ரிப்யூட் ஆல்பங்கள் இல்லையா? ஏராளம். அசலை வரிக்கு வரி ஒப்பித்து, அட்டையில் பெரிய பெயரைப் போட்டு விற்பவை. அவற்றுக்காக நான் வாதாடவில்லை. ஆனால் மட்டமான அசல் ஆல்பங்களும் கடை நிறைய இருக்கின்றன. அதற்காக ஆல்பம் போடுவதே தப்பு என்று யாரும் சொல்வதில்லையே.

2000ல் வந்த 'நேட்டிவிட்டி இன் பிளாக்' இரண்டாம் பாகத்தில் பண்டேரா குழு 'எலெக்ட்ரிக் ஃப்யூனரல்' வாசித்தது. 2025 ஜூலை 5 அன்று, ஓஸி வளர்ந்த ஆஸ்டன் பகுதியில், வில்லா பார்க் மைதானத்தில், சபாத்தின் கடைசி நிகழ்ச்சி. பண்டேரா அங்கேயும் வந்து அதே பாட்டை வாசித்தது. மற்ற குழுக்களில் பெரும்பாலானவையும் சபாத் பாடல்களை எடுத்துக்கொண்டன. எல்லாரும் வாசித்து முடித்த பிறகு, நடக்க முடியாத ஓஸி சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடி பாடினார். 17 நாட்களில் காலமானார். தன் பாட்டை இத்தனை பேர் பாடியதை உயிரோடு இருக்கும்போதே பார்த்துவிட்டுப் போன அந்த மனிதருக்கு இது சிறுமை என்று எதிரணியால் சொல்ல முடியுமா? தீர்ப்பை எங்கள் அணிக்கே தருமாறு நடுவரைக் கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.