ஒலிநூலுக்கு உயிர் குரலே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வீட்டு வேலைகளை ஒதுக்கிவைத்துவிட்டு வந்திருக்கும் சபையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

"ஒலிநூலின் உயிர் எழுத்திலா, குரலிலா?" இதுதான் இன்றைய தலைப்பு. நல்ல எழுத்தை யார் வாசித்தாலும் அது நல்ல எழுத்துத்தான், மோசமான எழுத்தை எந்தக் குரலாலும் காப்பாற்ற முடியாது என்றார் எதிரணித் தலைவர். அடுத்து வந்தவர், இனிக் கணினியே வாசித்துவிடும், ஆளே தேவையில்லை என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

எழுத்தின் பெருமையை நாங்கள் மறுக்கவில்லை. புத்தகம் கையில் இருக்கும்போது எழுத்துத்தான் எல்லாம். அங்கே வேகமும் என்னுடையது, நிறுத்தமும் என்னுடையது. ஒரு வரி பிடித்துப்போனால் திரும்பத் திரும்ப வாசிப்பேன். ஒலிநூலில் அந்த உரிமை முழுவதையும் இன்னொருவரிடம் ஒப்படைத்துவிடுகிறேன். அவர் மூச்சு விடுகிற இடத்தில்தான் எனக்கு வாக்கியம் முடிகிறது.

ஒரு சின்ன உதாரணம் சொல்கிறேன். "கடைசி பஸ்ஸும் போய்விட்டது. அம்மா படலையடியிலேயே நின்றாள்." ஒரு கதையில் இப்படி இரண்டு வரி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். செய்தி அறிக்கை மாதிரி ஒரே மூச்சில் வாசித்தால் பஸ் போனது ஒரு தகவல், அம்மா நின்றது இன்னொரு தகவல். அழுகுரலில் வாசித்தால் நான் அழவேண்டியதை எனக்கு முன்னமே அவர் அழுது முடித்துவிடுகிறார். முதல் வாக்கியத்துக்குப் பிறகு அரை நொடி விட்டு, குரலை ஏற்றாமல், 'படலையடியிலேயே' என்ற சொல்லில் கொஞ்சம் தங்கி வாசித்துப் பாருங்கள். வரவேண்டிய பிள்ளை வரவில்லை என்பது சொல்லாமலே விளங்கும். மூன்று வாசிப்புக்கும் எழுத்து ஒன்றுதான், நடுவர் அவர்களே. எனக்குள் இறங்கியது மூன்றாவது மட்டுமே.

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இதை நான் விளக்க வேண்டியிருப்பதுதான் எனக்கு ஆச்சரியம். கந்தபுராண படனம் கேட்டு வளர்ந்த மண் இது. ஒருவர் ராகத்தோடு பாட்டைச் சீர் பிரித்து வாசிப்பார், பக்கத்தில் இருப்பவர் பயன் சொல்வார், அதாவது பாட்டின் பொருளை விளக்குவார். கச்சியப்ப சிவாச்சாரியார் பாடிய 10,345 பாடல்களில் ஓர் எழுத்தும் வருடத்துக்கு வருடம் மாறுவதில்லை. ஆனாலும் "இண்டைக்கு ஆர் வாசிக்கினம், ஆர் பயன் சொல்லினம்?" என்று விசாரித்துவிட்டுத்தானே சனம் கோயிலுக்குப் போனது! சூரபன்மன் வதைப் படலத்துக்கு எழும்பும் அதே குரல், வள்ளியம்மை திருமணப் படலத்துக்கு வந்ததும் இறங்கிக் குழைய வேண்டும். அது தெரிந்தவர் வாசிக்கும்போது எழுத்தறியாத கிழவிகூட எழும்பிப் போகாமல் இருந்து கேட்டாள்.

சுருட்டுக் கொட்டில்களில் ஒருவர் பத்திரிகையும் கதையும் உரக்க வாசிக்க, மற்றவர்கள் கேட்டபடியே சுருட்டுச் சுற்றியதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கியூபாவிலும் இந்த வழக்கம் இருந்தது. ஹவானாவின் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865 முதல் வாசிப்பவர் என்று தனியாக ஓர் ஆள் இருந்தார். அவருக்குரிய சம்பளத்தைத் தொழிலாளர்களே தங்கள் கூலியிலிருந்து சேர்த்துக் கொடுத்தார்கள். புத்தகம் ஏற்கெனவே இருந்தது. அவர்கள் காசு கொடுத்தது குரலுக்கு.

1930களில் அமெரிக்காவில் பார்வையற்றோருக்காக நூல்களை இசைத்தட்டில் பதியத் தொடங்கினார்கள். தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய 15 நிமிட வாசிப்புத்தான் அடங்கும். அவ்வளவு சிரமப்பட்டுப் பதிந்தபோதும், வாசிக்க மேடை நடிகர்களைத் தேடிப் பிடித்தார்கள். அலெக்சாண்டர் ஸ்கூர்பி என்ற நடிகர் அப்படி 400க்கு மேற்பட்ட நூல்களை வாசித்துக் கொடுத்திருக்கிறார்.

இனி நம்மூர்க் கதைகளுக்கு வருகிறேன். வெளிநாட்டுக்குக் கிளம்பும் மகன், வாசலில் நின்று "போட்டு வாறன் அம்மா" என்கிறான். நமக்கு அது 'போய்விட்டு வருகிறேன்'. நம் பேச்சில் பழக்கமில்லாத ஒருவர் அதை வாசிக்கும்போது, எதையோ கீழே போட்டுவிட்டு வருகிறான் என்பது போல 'போட்டு'வில் அழுத்தம் கொடுக்கிறார். அச்சுப்பிழை ஒன்றும் இல்லை. இருந்தும் அந்தப் பிரிவு முழுவதும் வீணாகப் போய்விடுகிறது. அவரைக் குறை சொல்வது நியாயமில்லை. வாசிப்பதற்கு முன் நம்மிடம் ஒரு தடவை கேட்டிருக்கலாம், அல்லது நம்மில் ஒருவரையே வாசிக்க வைத்திருக்கலாம்.

பெண் பாத்திரம் வந்தவுடன் கீச்சுக் குரலுக்கு மாறும் ஆண் வாசிப்பாளர்களும், சோகக் கட்டம் வந்தவுடன் வீணையை மீட்டிச் சொல்லை மூடிவிடும் தயாரிப்பாளர்களும் எனக்குப் பெரிய துன்பம். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசி நேரத்தைக் கழிக்க விரும்பவில்லை.

கணினிக் குரலுக்கு வருவோம். எனக்குத் தெரிந்த பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் செய்தியையும் பாடக் குறிப்புகளையும் திரைவாசிப்பு மென்பொருளில், என் காதால் பின்தொடர முடியாத வேகத்தில் கேட்கிறார். அவருக்கு அது பெரிய வரம், நன்றியோடு ஒப்புக்கொள்கிறேன். அதே மனிதர் நாவல் கேட்பதென்றால் ஆள் வாசித்ததைத்தான் தேடுகிறார், வேகத்தையும் குறைத்துவிடுகிறார். செய்தியில் அவருக்கு வேண்டியது விஷயம். கதையில் அவருக்குப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். பிழையில்லாமல் வாசிப்பது வேறு, எந்தச் சொல்லில் தங்க வேண்டும் என்று மனம் வைத்து முடிவெடுப்பது வேறு.

மணி அடித்துவிட்டது, ஒன்றைச் சொல்லி அமர்கிறேன். நூலகம் நிறுவனம் 2005இலிருந்து ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாக வருடி இணையத்தில் சேர்த்துவருகிறது. அந்த எழுத்தை நம் பேச்சு தெரிந்த குரல்களில் பதியத் தொடங்க வேண்டும். புராணம் வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே அவர்களிடம் இளம் பிள்ளைகள் போய்ப் பழக வேண்டும். ஒலிநூல் வெளியிடுகிறவர்கள் வாசித்தவரின் பெயரை எழுத்தாளர் பெயருக்குக் கீழே அட்டையிலேயே போடட்டும், கூலியையும் முன்கூட்டியே பேசி, முழுதாகக் கொடுக்கட்டும். நன்றி, வணக்கம்.